தந்தையின் கூற்று: நேருவின் சிறைக் கடிதங்களும் பருவ வயது மகளும் (1930–1936)

அகப்பொருள் மரபில் பருவமெய்திய மகளைப் பற்றிப் பேசும் உரிமை நற்றாய்க்கும் செவிலிக்குமே உரியது. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் ஓதலாந்தையார், மகளைப் பிரிந்த தாயின் இரக்கத்திற்கென்றே ஒரு பத்தை ஒதுக்கியுள்ளார். தந்தையோ அம்மரபில் நேரே பேசுவதில்லை. தந்தை, தமையன் முதலியோரின் சொற்களைப் பிறர் எடுத்து மொழியலாமேயன்றி அவர்களுக்கெனத் தனிக் கூற்று இல்லை என்பது தொல்காப்பியச் செய்யுளியல் தரும் வரையறை. பெண்பாற் பிள்ளைத்தமிழ் அம்மானை, நீராடல், ஊசல் எனும் பருவங்களோடு நின்றுவிடுகிறது. உலா இலக்கியம் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுவகைப் பருவங்களைக் காட்டினும், அவை தலைவனைக் காணும் மகளிரின் பருவங்களேயன்றிப் பெற்றோர் கண்ட பருவங்கள் அல்ல. வளர்ந்த மகளிடம் தந்தை என்ன பேசினான் என்பதற்கு நம் இலக்கியத்தில் இடம் குறைவு.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விடம் உரைநடையால் நிரப்பப்படுகிறது. அதிலும் கடிதம் எனும் வடிவமே அதற்குப் பெரிதும் பயன்பட்டது. இந்திய அளவில் இதற்குரிய முதன்மைச் சான்று, ஜவகர்லால் நேரு தம் ஒரே மகளான இந்திராவுக்கு எழுதிய கடிதங்கள். இவை பெரும்பாலும் உலக வரலாற்று நூலாகவே படிக்கப்பட்டு வந்துள்ளன. ஆனால் 1989ஆம் ஆண்டு சோனியா காந்தி பதிப்பித்து வெளியிட்ட தொகுதியில் தந்தை மகள் இருவரின் கடிதங்களும் (1922–1939) இடம்பெற்ற பின்னர், அந்நூலை வேறு வகையில் படிப்பதற்கு வாய்ப்பு ஏற்பட்டது. பதின்மூன்று வயது முதல் பதினெட்டு வயது வரையிலான ஒரு பெண்ணைச் சிறைக்குள் இருந்துகொண்டு வளர்க்க முயன்ற ஒரு தந்தையின் மகிழ்ச்சியும் மனத்தாங்கலும் இக்கடிதங்களில் எவ்வாறு வெளிப்படுகின்றன என்பதே இங்கு நோக்கப்படுகிறது.

புதிதாகப் பிறந்த பருவம்

பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையிலான வயது எல்லாக் காலத்திலும் இருந்ததுதான். ஆயினும் அவ்வயதில் மணமாகாமல், பள்ளியில் படித்துக்கொண்டு, பெற்றோரின் பொறுப்பில் இருக்கும் மகள் என்பவள் இந்தியக் குடும்ப வரலாற்றில் மிக அண்மையில் தோன்றியவள். குழந்தை மணத் தடைச் சட்டம் 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சாரதா சட்டம் என வழங்கிய அது பெண்ணின் மண வயதைப் பதினான்கு என உறுதி செய்தது. அச்சட்டத்திற்கு எழுந்த எதிர்ப்பையும், சென்னை மாகாணத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் அதற்கு ஆதரவாக ஆற்றிய பணியையும் அறிந்தோர், அவ்வயதுப் பெண்ணை மணமின்றி வீட்டில் வைத்திருப்பது எத்துணை பெரிய சமூகச் சிக்கலாகக் கருதப்பட்டது என்பதை உணர்வர்.

நேரு குடும்பத்திலேயே இம்மாற்றம் தலைமுறை தோறும் நிகழ்ந்துள்ளது. 1899இல் பிறந்த கமலா, 1916ஆம் ஆண்டு பிப்ரவரியில் பதினாறு வயதில் மணம் முடித்து ஆனந்த பவனத்துக்கு வந்தவர். நேருவின் தங்கை விஜயலட்சுமி பள்ளிக்கே அனுப்பப்படாமல் வீட்டில் ஆங்கில ஆசிரியையிடம் கற்றார். 1917 நவம்பர் 19ஆம் நாள் பிறந்த இந்திராதான் அக்குடும்பத்தில் பள்ளி, விடுதி, பொதுத்தேர்வு, பல்கலைக்கழகம் என்னும் வழியில் முழுமையாக அனுப்பப்பட்ட பெண். பதினாறாம் வயதில் தாய் மணமகளானார். 1933இல் அதே வயதை எட்டிய மகளை மணக்க பெரோஸ் காந்தி விருப்பம் தெரிவித்தபோது வயது போதாது என மறுக்கப்பட்டது. இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்டவை பதினேழு ஆண்டுகளே. இவ்வயதுப் பெண்ணை எவ்வாறு நடத்துவது என்பதற்கு அக்குடும்பத்தின் பாட்டியிடமோ தாயிடமோ வழக்காறு எதுவும் இல்லை. தந்தையும் இப்புதிய பருவத்தைப் புத்தகங்களின் துணைகொண்டே அணுகினார்.

தந்தை கடிதம் வழியே பிள்ளை வளர்ப்பது மட்டும் அக்குடும்பத்துக்குப் புதிதன்று. 1905ஆம் ஆண்டு ஹாரோ பள்ளியில் சேர்க்கப்பட்ட ஜவகர்லாலைக் கடல் கடந்த கடிதங்களாலேயே மோதிலால் வளர்த்தார். தாம் பெற்றதைத் தம் மகளுக்குத் தந்தார் என இதனைக் கொள்ளலாம். ஆயின், மோதிலால் எழுதியது ஒரு மகனுக்கு, வெளியிலிருந்து எழுதியது.

முசூரியிலிருந்து நைனி வரை

1928ஆம் ஆண்டுக் கோடையில் பத்து வயது இந்திரா முசூரியில் இருந்தார். நேரு அலகாபாத்தில் இருந்தார். பூமியின் தோற்றம், உயிரினங்கள், பழைய நாகரிகங்கள் பற்றி அப்பொழுது அவர் எழுதிய ஏறத்தாழ முப்பது கடிதங்கள் 1929இல் நூலாயின. பிரேம்சந்த் அதனை இந்தியில் மொழிபெயர்த்தார். அக்கடிதங்களில் சிக்கல் ஏதுமில்லை. பத்து வயதுக் குழந்தை கேள்வி கேட்கும். தந்தை விடை சொல்வார். கல்லையும் மலையையும் புத்தகமாகப் படிக்கக் கற்பிப்பார். அவ்வளவே.

1930இல் நிலைமை மாறுகிறது. உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டி ஏப்ரல் 14ஆம் நாள் நேரு கைதாகி நைனி மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார். அக்டோபர் 11 அன்று விடுதலையாகி, எட்டு நாட்களில் மீண்டும் கைதானார். இதற்கிடையில் அலகாபாத்தில் பன்னிரண்டு வயது இந்திரா சிறுவர் சிறுமியரைத் திரட்டி ‘வானர சேனை’ அமைத்து இயங்கிக்கொண்டிருந்தார். அதாவது, தந்தை சிறைக்குள் சென்றபோது விட்டுச் சென்ற குழந்தை வேறு. வெளியில் வளர்ந்துகொண்டிருந்த பெண் வேறு. பின்வந்த கடிதங்களின் மனத்தாங்கல் அனைத்துக்கும் இவ்வேறுபாடே வேர் எனலாம்.

1930 அக்டோபர் 26ஆம் நாளிட்ட முதற்கடிதம் இந்திராவின் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு எழுதப்பட்டது. சம்வத் ஆண்டுக் கணக்கின்படி அவ்வாண்டு பிறந்தநாள் அன்று வந்தது. சிறையிலிருந்து அனுப்புவதற்குக் கையில் பொருளில்லை. மனத்தைச் சார்ந்த பரிசையே தர இயலும் என்பது அக்கடிதத்தின் தொடக்கம். அறிவுரை கூறுவதில் தமக்கு உள்ள தயக்கத்தை விளக்க நேரு ஒரு கதையை எடுத்தாள்கிறார். தென்னாட்டிலிருந்து கர்ணசுவர்ணம் என்னும் ஊருக்கு வந்த ஒருவன், இடுப்பைச் சுற்றிச் செப்புத் தகடுகளும் தலையில் எரியும் தீப்பந்தமும் அணிந்து திரிந்தானாம். தன் அறிவு மிகுதியால் வயிறு வெடித்துவிடக் கூடாதே என்று தகடு. இருளில் வாழும் அறிவிலிகள் மீது இரக்கம் கொண்டு தீப்பந்தம். யுவான் சுவாங் பதிவு செய்த இக்கதையைச் சொல்லி, தமக்கு அத்தகைய செப்புக் கவசம் தேவைப்படாது என்று நேரு நகைக்கிறார். அந்தத் தென்னாட்டான் யார் என்பது இருக்கட்டும். பருவ வயது மகளுக்கு அறிவுரை கூற முனையும் எந்தத் தந்தைக்கும் அவன் ஓர் எச்சரிக்கை என்பதை நேரு உணர்ந்தே எழுதினார். உணர்ந்தவர் பின்னர் எப்போதும் அதன்படி நடந்தார் எனச் சொல்ல இயலாது.

அதே கடிதத்தில் ஜோன் ஆஃப் ஆர்க் கதையில் மகள் ஒரு காலத்தில் மயங்கிக் கிடந்ததை நினைவூட்டுகிறார். அவர் பிறந்த 1917ஆம் ஆண்டு வரலாற்றில் மறக்கவியலாத ஆண்டு என்கிறார். மறைத்துச் செய்ய வேண்டிய எதையும் செய்யற்க என்பது அவர் தரும் ஒழுக்க நெறி. பதின்மூன்று வயதுப் பெண் தோளில் ரஷ்யப் புரட்சியையும் பிரெஞ்சு வீராங்கனையையும் ஒருசேர ஏற்றுவது பெருமையா சுமையா என்னும் வினா இங்கேயே தொடங்கிவிடுகிறது.

மகளின் மற்றொரு பெயர் பிரியதர்சினி. காண்பதற்கு இனியவள் என்னும் அப்பெயரின் பொருளை வைத்து, காண முடியாத நிலையில் அவள் இன்னும் இனியவளாகிறாள் என 1931 சனவரிக் கடிதம் ஒன்றில் நேரு விளையாடுகிறார். நூல் முழுவதிலும் தந்தையின் மகிழ்ச்சி இத்தகைய இடங்களில்தான் தெரிகிறது. அச்சனவரி முதல் நாளில் கமலாவும் கைதானார். வீட்டில் நோயுற்ற பாட்டனாரும் பாட்டியும் இருந்தனர். பிப்ரவரி 6ஆம் நாள் மோதிலால் மறைந்தார். பதின்மூன்று வயதில் இந்திரா கண்ட வீடு இது.

அஞ்சலில் சேராத கடிதங்கள்

மோதிலாலின் மறைவுக்குப் பின் 1931 ஏப்ரலில் நேருவும் கமலாவும் இந்திராவும் ஓய்வுக்காக இலங்கை சென்றனர். கிராக்கோவியா என்னும் கப்பலில் அரபிக்கடலில் செல்கையில் நேரு மீண்டும் எழுதுகிறார். மகள் அதே கப்பலில் இருக்கிறாள். பேசியிருக்கலாம், ஆயினும் எழுதுகிறார். நேரில் இருக்கும் மகளைவிடத் தாளின் எதிர்ப்புறத்தில் இருக்கும் மகளிடம் பேசுவது அவருக்கு எளிதாகிவிட்டதோ என ஐயுற இடமுண்டு. இலங்கையிலிருந்து திரும்புகையில் கன்னியாகுமரி, திருவிதாங்கூர், கொச்சி, மலபார், மைசூர், ஐதராபாத் வழியாக மூவரும் பயணம் செய்தனர். அரசியலும் சிறையும் நோயும் இடையில் வராத, மூவரும் கூடியிருந்த நீண்ட விடுமுறை அதுபோல் அக்குடும்பத்துக்குப் பின்னர் வாய்க்கவில்லை. அப்பயண நாட்களில் வரலாற்றுக் கடிதங்கள் எழுதப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. பின்னர் சிறையிலிருந்து பல்லவர், சோழர் ஆட்சிகளையும் தென்னிந்தியரின் கடல்வழிச் செலவுகளையும் அவர் விரிவாக எழுதும்போது, அவற்றைப் படிக்க இருந்தவள் அத்தென்னாட்டைத் தம்மோடு கண்டவள் என்னும் நினைவு அவருக்கு இருந்திருத்தல் வேண்டும்.

அவ்வாண்டு இந்திரா புனேயில் ஜஹாங்கீர் வக்கீல், கூன்வர்பாய் வக்கீல் இணையர் நடத்திய ‘பியூப்பில்ஸ் ஓன் ஸ்கூல்’ என்னும் சிறு பள்ளியில் சேர்க்கப்பட்டார். டிசம்பர் 26 அன்று நேரு மீண்டும் கைதானார். நைனி, பரேலி, டேராடூன் எனச் சிறைகள் மாறின; 1933 ஆகஸ்டு 30 வரை சிறைவாசம் நீண்டது. 1932 மார்ச் 26இல் பரேலியில் மீண்டும் தொடங்கிய வரலாற்றுக் கடிதங்கள் 1933 ஆகஸ்டு 9இல் டேராடூனில் முடிந்தன. மொத்தம் 196 கடிதங்கள்.

இந்நூலை மதிப்பிடுவோர் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. இக்கடிதங்களில் பெரும்பாலானவை எழுதப்பட்ட காலத்தில் இந்திராவுக்கு அனுப்பப்படவே இல்லை. சிறை விதிகள் அளவறிந்த கடிதங்களையே அனுமதித்தன. எனவே வரலாற்றுக் கடிதங்கள் குறிப்பேடுகளில் குவிந்தன. சிறை அலுவலர்கள் பார்வையிட்டு அனுப்பிய சில கடிதங்கள் மட்டுமே புனேக்குச் சென்றன. ஆகவே இருவகைக் கடிதங்கள் இருந்தன. ஒன்று, மகள் முகம் நினைவிலிருக்க, அவள் விடையை எதிர்பாராமல் எழுதப்பட்டது. மற்றொன்று, உண்மையாகவே அஞ்சலில் சென்று, விடைக்காகக் காத்திருந்தது. முன்னதில் தந்தை பொறுமையும் நகைச்சுவையும் உடையவராக, உலகம் முழுவதையும் சுற்றிக் காட்டுகிறார். பின்னதில் அவர் எல்லாத் தந்தையரையும் போன்றவரே. உடல் மெலிந்திருக்கிறாய், ஓடு, உடற்பயிற்சி செய், இந்த நூல்களைப் படி, ஏன் இத்தனை நாளாகக் கடிதம் இல்லை எனக் கேட்கிறார்.

மகளின் எடை ஒரு நிலையான கவலையாகவே இருந்தது. 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டிருந்தபோது, புனேயில் படித்துக்கொண்டிருந்த இந்திரா அவரைச் சென்று கண்டார். அப்போது நேருவுக்கு அடிகள் அனுப்பிய தந்தியில், இந்துவைப் பார்த்ததாகவும் அவள் மகிழ்ச்சியாக இருப்பதாகவும் சற்றுச் சதை பிடித்திருப்பதாகவும் தெரிவித்தார். உயிரைப் பணயம் வைத்துப் பட்டினி கிடந்தவர், டேராடூனில் இருந்த தந்தையின் கவலை எது என்பதை அறிந்து அச்செய்தியை அனுப்பினார். நேரு தம் தன்வரலாற்றில் இத்தந்தியைப் பதிவு செய்துள்ளார். தந்தையும் தாயும் மாறி மாறிச் சிறையிலிருந்த ஒரு பெண்ணை அக்காலத் தேசிய இயக்கமே ஒரு கூட்டுக் குடும்பம்போல் கவனித்துக்கொண்டது என்பதற்கு இத்தந்தி ஒரு சான்று.

நேர்காணல்களும் தடையின்றி நிகழவில்லை. அலகாபாத் சிறையிலிருந்த உறவினர் ரஞ்சித் பண்டிட்டைக் காணச் சென்ற தம் தாயையும் மனைவியையும் சிறை அதிகாரி அவமதித்ததைக் கேள்வியுற்ற நேரு, அதனைக் கண்டித்துத் தமக்குரிய நேர்காணல்களையே பல திங்கள் வேண்டாமென விட்டார். தன்மான நோக்கில் இது பாராட்டுக்குரியது. ஆனால் அத்திங்களில் பதினான்கு வயது மகளைக் காணும் வாய்ப்பும் அதனோடு போயிற்று. வளரும் பெண்ணுக்கு அத்திங்கள்கள் திரும்ப வருவன அல்ல. அரசியல் வரலாற்று நூல்கள் இவ்விழப்பைக் கணக்கிடுவதில்லை.

விடை எழுதாத மகள்

இந்திராவின் மௌனம் இக்கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. அவர் விடைகள் காலம் தாழ்த்தி வந்தன; வந்தபோதும் சுருக்கமாக இருந்தன. நேருவுக்கு இது ஆற்றாமையை அளித்தது. தன்னைச் சுற்றியே சிந்திக்கிறாள், கற்பனை உலகில் வாழ்கிறாள், பிறரைக் குறித்து எண்ணுவதில்லை என்னும் பொருள்படக் குடும்பத்தாருக்கு எழுதிய கடிதங்களில் அவர் குறைபட்டுக்கொண்டார். பதினாறு வயதுப் பெண்ணைப் பெற்றோர் இன்றும் சொல்லும் குறை இது. சிறையில் இருப்பவருக்குக் கடிதம் உணவுக்கு நிகரானது. விடுதியில் இருக்கும் சிறுமிக்கு அது வீட்டுப்பாடத்துக்கு நிகரானது. இருவர் நிலையும் ஒன்றல்ல.

மௌனத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. பள்ளிகள் அடிக்கடி மாறின. சிறுவயதில் ஆங்கிலேய மகளிர் நடத்திய பள்ளியில் மோதிலால் சேர்த்ததும், அந்நிய நிறுவனப் புறக்கணிப்பைக் காட்டி ஜவகர்லால் எதிர்த்ததும், அச்சச்சரவு காந்தியடிகள் வரை சென்றதும் அறிந்தனவே. ஜெனீவா, பெக்ஸ், அலகாபாத், புனே என இடம் மாறிய கல்வியில், தந்தையின் கடிதங்கள் எதிர்பார்த்த அளவுக்கு ஆழ்ந்த வாசிப்புக்குரிய அமைதி கிடைத்திராது. 1932 சனவரிக்குப் பின் விஜயலட்சுமியும் கைதாக, அவருடைய மூன்று பெண்களும் அதே புனேப் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். பதினான்கு வயது இந்திரா அச்சிறுமியருக்கு மூத்தவராக இருக்க வேண்டியவரானார். இவற்றோடு கமலாவின் காசநோய் வேறு.

1934 பிப்ரவரியில் நேரு மீண்டும் கைதாகி அலிப்பூர் சிறைக்குச் சென்றார். அவ்வாண்டு மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதிய இந்திராவைச் சாந்திநிகேதனில் சேர்ப்பது என முடிவாயிற்று. வரவேற்பறையில் அமர்வதற்கு மட்டும் பெண்ணை ஆயத்தப்படுத்தும் கல்வியைத் தாம் வெறுப்பதாகவும், வாய்ப்பிருந்தால் மகனாயினும் மகளாயினும் ஓராண்டு தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாக வேலை செய்வதைக் கல்வியின் பகுதியாக்கத் தாம் விரும்புவதாகவும் நேரு அந்நிறுவனத்துக்குத் தெரிவித்தார். கொள்கையளவில் இதனினும் முற்போக்கான ஒரு தந்தையை அக்காலத்தில் காண்பது அரிது.

ஆனால் அதே கோடையில் நடந்த சிறு பூசல் ஒன்று, கொள்கைக்கும் வீட்டு நடப்புக்கும் இடைப்பட்ட தொலைவைக் காட்டுகிறது. மகளின் உடல்நிலையை எண்ணிக் கமலா சாந்திநிகேதனில் உணவு, தங்குமிடம் முதலியவற்றில் தனி ஏற்பாடு இருந்தால் நன்று என நினைத்தார். இதை அறிந்த நேரு சினந்தார். கல்லூரிக்குச் செல்லும் இளவரசரைப் போலப் பிற மாணவரிடமிருந்து விலகித் தனிக் கவனிப்பு வேண்டுவது இழிந்த பகட்டு என்னும் கருத்துப்பட மகளுக்கு எழுதினார். சமத்துவம் பேசும் தந்தையின் நிலை சரியே. எனினும், நோயில் இருந்துகொண்டு மகளுக்கும் அந்நோய் தொற்றுமோ என அஞ்சிய ஒரு தாயின் கவலையை அவர் பகட்டு எனப் பெயரிட்டுவிட்டார் என்பதையும் மறுப்பதற்கில்லை. இந்திரா 1934 சூலையில் சாந்திநிகேதனில் சேர்ந்து விடுதியில் பிற மாணவியரோடு தங்கினார். மணிப்புரி நடனமும் பயின்றார். தாகூரின் சூழலில் கழித்த அம்மாதங்களே அவருக்கு ஓரளவு அமைதியானவை.

இக்கடிதத் தொகுதியில் மிக வன்மையான பகுதி மகளுடையது. கமலாவின் நோய் முற்றியிருந்த காலத்தில் ஆனந்த பவனத்தில் நிகழ்ந்ததைக் குறித்து இந்திரா தந்தைக்கு எழுதினார். நீங்கள் இல்லாதபோது வீட்டில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா என அக்கடிதம் கேட்கிறது. தாய் மிக மோசமான நிலையில் கிடந்தபோது வீடு நிறைய ஆட்கள் இருந்தும் ஒருவரும் சென்று பார்க்கவில்லை, அருகில் அமரவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. பாபிலோன் முதல் ரஷ்யா வரை உலகம் முழுவதையும் மகளுக்கு அறிவித்த தந்தைக்கு, அவர் வீட்டின் செய்தியை மகள் அறிவிக்கிறாள். எழுதத் தெரியாததாலோ எண்ணம் இல்லாததாலோ அதுவரை அவர் மௌனமாக இருக்கவில்லை என்பதற்கு இக்கடிதமே சான்று. தந்தை கேட்ட வினாக்களுக்கு மகளிடம் விடை குறைவாக இருந்தது. மகளிடம் இருந்த செய்திகளைத் தந்தை கேட்கவில்லை.

இங்கு நேருவின் பக்கத்தில் ஒன்றைச் சொல்லியாதல் வேண்டும். கமலாவைத் தாம் தொடக்க ஆண்டுகளில் கவனியாது விட்டதை அவர் தம் தன்வரலாற்றில் மறைக்கவில்லை. 1934 சூன் தொடங்கி 1935 பிப்ரவரி வரை சிறையில் எழுதப்பட்ட அந்நூலில் தம்மீதே அவர் காட்டும் கண்டிப்பு, மகளுக்கு எழுதிய கண்டிப்புக்குச் சற்றும் குறைந்ததன்று.

நூலான பின்

1934இல் வரலாற்றுக் கடிதங்கள் அலகாபாத்தில் இரு தொகுதிகளாக அச்சேறின. நேரு அப்போதும் சிறையில் இருந்தமையால் பதிப்புப் பொறுப்பை விஜயலட்சுமி ஏற்றார். மகளுக்கே உரிய அந்தரங்கக் குறிப்புகளைப் பிரித்தெடுக்க இயலாமையால் அவற்றை அப்படியே விட்டுவிட்டதாக நேரு முன்னுரையில் கூறுகிறார். இதன் விளைவு எண்ணத்தக்கது. பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தந்தை எழுதியவை, அவர் முழுமையாகப் படித்து முடிக்கும் முன்னரே நாட்டு மக்கள் அனைவரும் படிக்கும் நூலாயின. தமிழிலும் ‘உலக சரித்திரம்’ என்னும் பெயரில் அது வெளிவந்து, பல வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் நூலாயிற்று. மு.வரதராசனார் ‘அன்னைக்கு’, ‘தங்கைக்கு’, ‘தம்பிக்கு’ எனக் கடித வடிவில் நூல்கள் எழுதிய காலத்தில், உறவுமுறை விளித்து அறிவு புகட்டும் இவ்வடிவம் தமிழ் வாசகர்க்குப் பழகியதாகவே இருந்தது. மறைமலையடிகளின் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ கடித வடிவைப் புனைகதைக்கு முன்னரே பயன்படுத்தியிருந்தது. ஆயின் மு.வ.வின் கடிதங்கள் கற்பனை மாந்தரின் கடிதங்கள். அவற்றில் விடை எழுதாத தங்கையால் எழுதியவருக்குத் துன்பமில்லை. நேருவின் கடிதங்களை அவற்றோடு ஒருங்கு வைத்துக் ‘கடித இலக்கியம்’ என வகைப்படுத்தும் நம் பாடநூல் மரபு இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை.

கமலாவின் நோய் முற்றவே 1934 ஆகஸ்டில் நேரு பதினொரு நாட்கள் வெளியே விடப்பட்டு மீண்டும் சிறைக்கு அழைக்கப்பட்டார். கமலா போவாலி மருத்துவமனைக்கும், நேரு அதற்கு அருகிலிருந்த அல்மோரா சிறைக்கும் கொண்டு செல்லப்பட்டனர். 1935 ஏப்ரலில் இந்திரா சாந்திநிகேதனை விட்டார். மே மாதம் தாயுடன் ஐரோப்பா புறப்பட்டார். பதினேழு வயதுப் பெண் நோயுற்ற தாயைக் கப்பலேற்றி அழைத்துச் செல்ல, தந்தை அல்மோராவில் இருந்தார். யார் யாரை வளர்த்தார் என்பது அவ்வாண்டில் தெளிவாக இல்லை.

செப்டம்பர் 4ஆம் நாள் விடுதலையான நேரு விமானம் ஏறி ஜெர்மனியின் பாடன்வைலருக்கு விரைந்தார். பின்னர் கமலா சுவிட்சர்லாந்தின் லோசானுக்கு மாற்றப்பட்டார். இந்திரா அதனருகே பெக்ஸ் ஊர்ப் பள்ளியில் இருந்தார். எட்டு வயதுக் குழந்தையாக, இதே தாயின் சிகிச்சைக்காக 1926இல் வந்தபோது கண்ட அதே நாடு. 1936 பிப்ரவரி 28ஆம் நாள் கமலா காலமானார். அப்போது இந்திராவுக்கு வயது பதினெட்டு.

அதன்பின் தந்தையும் மகளும் மொந்த்ரோவில் சில நாட்கள் அமைதியாகத் தங்கினர். அந்நாட்களைப் பற்றிக் கடிதம் எதுவும் இருக்க வழியில்லை; இருவரும் ஒரே இடத்தில் இருந்தனர். இம்முறை நேரு கப்பலில் எழுதியதுபோல் எழுதவும் இல்லை. பின்னர் அவர் கமலாவின் சாம்பலோடு இந்தியாவுக்கு விமானம் ஏறினார். வழியில் பாக்தாதில் இறங்கியபோது, அச்சிலிருந்த தன்வரலாற்றை மறைந்த கமலாவுக்குப் படையலாக்கும் வரியை இலண்டன் பதிப்பகத்தாருக்குத் தந்தியில் அனுப்பினார். இந்திரா பெக்ஸ் பள்ளிக்குத் திரும்பினார். அங்கிருந்து அவர் பாப்பு என விளித்து எழுதிய கடிதங்கள் முன்னையவற்றைவிட நீளமானவை.